நம் மேலவையின் கதை: ஜகன்மோகன் அரண்மனை முதல் விதான சௌதா வரை

கர்நாடக சட்ட மேலவை நூற்றாண்டைக் கடந்த அவை. 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் திவான் தலைமையில் கூடிய சிறு குழுவாக அது தொடங்கியது. இன்று விதான சௌதாவில் 75 உறுப்பினர்களுடன் நடக்கிறது. தொம்மலூரில் வெளியாகும் தமிழ் மலரில் இந்த வரலாறு இடம்பெறுவது பொருத்தமே. நம் ஊரின் சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள், ஹொய்சாளர் காலத்திலேயே இது தோம்பலூர் என்ற பெயரில் விளங்கியதைச் சொல்கின்றன. இந்த மண்ணில் இத்தனை காலமாக வேரூன்றியிருக்கும் நமக்கு இந்த மாநிலத்தின் அவைகளும் நம் அவைகளே. அந்த அவைகளுக்கு முதற்கல் எடுத்து வைத்தவர்களும் செங்கற்பட்டிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்தவர்கள்தாம்.

தொடக்கம் பஞ்சத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை மைசூர் சீமையைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். ஊர்கள் காலியாயின, கருவூலம் வற்றியது, கடன் ஏறியது. ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேய ஆணையர்களின் கையிலிருந்த ஆட்சி, 1881 மார்ச் 25 அன்று பதினெட்டு வயது நிரம்பிய பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் திரும்பி வந்தபோது அவர் ஏற்றுக்கொண்ட நாட்டின் நிலை இதுதான். முதல் திவானாகப் பொறுப்பேற்றவர் சி. வி. ரங்காச்சார்லு. சென்னை மாகாணத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். கடனும் பற்றாக்குறையும் தலைக்கு மேல் இருந்த அந்த வேளையிலும் அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, நாட்டு மக்களின் பிரதிநிதிகளை அழைத்து ஆட்சியின் வரவு செலவை அவர்கள் முன் வைத்ததாகும். 1881 அக்டோபர் 7 அன்று, தசரா விழாவையொட்டி, 144 பேர் கொண்ட மைசூர் பிரதிநிதித்துவ சபை கூடியது. சமஸ்தானங்களில் இதற்கு முன்மாதிரி கிடையாது. ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணங்களில்கூட அன்று இத்தகைய சபை இல்லை.

அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. வாக்கெடுப்பும் இல்லை. தாலுகா தாலுகாவாக வந்த நிலக்கிழார்களும் வணிகர்களும் ஏரிக்கரை உடைந்ததையும் சாலை கெட்டுக் கிடப்பதையும் எடுத்துச் சொன்னார்கள், திவான் பதில் சொன்னார். ஆனால், ஆள்பவர் குடிகளுக்கு ஆண்டுதோறும் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற வழக்கம் அன்றே வேரூன்றியது. ரங்காச்சார்லு அதன் வளர்ச்சியைப் பார்க்க இருக்கவில்லை. பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1883 ஜனவரியில் காலமானார். மைசூர் நகர மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்குப்பின் திவானான கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1891 முதல், உறுப்பினர்கள் தேர்தல்வழி வரத் தொடங்கினார்கள். எட்டு வயதுக்குட்பட்ட சிறுமிகளின் திருமணத்தைத் தடுத்த 1894ஆம் ஆண்டுச் சட்டமும் அக்காலத்ததே.

இவ்வாறு மக்களின் குரலைக் கேட்க ஒரு சபை அமைந்துவிட்டது. சட்டத்தை வரிவரியாகப் படித்துத் திருத்தும் அவைதான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைப் போக்கியவர் வி. பி. மாதவராவ். 1850இல் கும்பகோணத்தில் பிறந்தவர், அவ்வூர் அரசுக் கல்லூரியில் படித்தவர். மைசூர் அரசுப் பணியில் படிப்படியாக உயர்ந்தார். பெங்களூரை பிளேக் உலுக்கிய 1898ஆம் ஆண்டு பிளேக் ஆணையராக இருந்து நோய்த்தடுப்பை முன்னின்று நடத்தியவரும் அவரே. இடையில் திருவிதாங்கூர் திவானாக இருந்துவிட்டு, 1906இல் மைசூர் திவானாகத் திரும்பி வந்தார். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், 1907ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குமுறைச் சட்டமாக மைசூர் சட்டமன்றக் கவுன்சில் சட்டம் வந்தது. நம் மேலவையின் பிறப்புச் சான்று அதுவே.

அந்தச் சட்டம் எவ்வளவு எச்சரிக்கையுடன் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். திவானே தலைவர். ஆலோசனைக் குழுவினர் பதவி வழியாக இடம்பெற்றனர். அவர்களைத் தவிர, கூடுதல் உறுப்பினர்கள் 10 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் இருக்கலாம், அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினராவது அரசு ஊழியர் அல்லாதவராக இருக்க வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை இல்லை. வரவு செலவுத் திட்டத்தைத் தொட முடியாது. வரைவுச் சட்டத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது ஒன்றே வேலை. அவ்வளவு சிறிய அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டுப் பொறுமையாக உழைத்த அந்த முதல் உறுப்பினர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1910களில் அவை வளர்ந்தது. எம். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது (1912–1918) உறுப்பினர் எண்ணிக்கை 18இலிருந்து 24ஆக உயர்ந்தது. கேள்வி கேட்கவும் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும் உரிமை கிடைத்தது. கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டம் 1913இல் வந்தது. 1916 ஜூலையில் மைசூர் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, அதே மாதம் 27ஆம் தேதி பல்கலைக்கழகம் பிறந்தது. சமஸ்தானம் ஒன்றில் நிறுவப்பட்ட முதல் பல்கலைக்கழகம் அது. இன்று பட்டதாரி என்ற தகுதியில் மேலவைத் தேர்தலில் வாக்களிப்பவர்கள், அந்தப் பட்டத்துக்கே வழி திறந்தவற்றுள் இந்த அவையும் ஒன்று என்பதை நினைவில் கொள்ளலாம்.

அடுத்த பெரும் அடி 1923இல் வைக்கப்பட்டது. பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழு அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான பரிந்துரைகளைத் தந்தது. பிரதிநிதித்துவ சபைக்கு முதன்முறையாகச் சட்ட அடிப்படை கிடைத்தது. கவுன்சில் 50 பேர் கொண்ட அவையானது. மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் உரிமையும் வந்தது. பெண்கள் வாக்களிப்பதற்கும் வழி திறந்தது. எண்ணிக்கையில் பெரிய சபை மக்களின் குறையையும் விருப்பத்தையும் சொல்வது, சிறிய அவை சட்டத்தையும் செலவையும் நுணுகிப் பார்ப்பது என்ற பணிப்பகிர்வு உருப்பெற்றது இக்காலத்தில்தான். அந்த நாளில் இங்கிலாந்திலும் இதே கேள்வி சூடாகத்தான் இருந்தது. பிரபுக்கள் சபை மக்கள் சபையின் நிதி மசோதாவைத் தடுக்க முடியாதபடி 1911இல் அதன் அதிகாரம் குறைக்கப்பட்டது. அங்கே பரம்பரைப் பிரபுக்களிடமிருந்த அதிகாரத்தைக் குறைத்துச் சீர்திருத்தினார்கள். மைசூரிலோ இல்லாத அதிகாரத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சீர்திருத்தினார்கள். இரண்டாவது வழியே கடினமானது என்பது என் துணிபு.

1926 முதல் 1940 வரை அந்த அவையில் அமர்ந்தவர்களுள் டி. வி. குண்டப்பாவும் ஒருவர். கன்னட நாடு டி.வி.ஜி. என்று அன்போடு அழைக்கும் அவர் எழுத்தாளர், பத்திரிகையாளர். சர் மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த அதே காலத்தில், 1933இல், இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கும் சட்டம் மைசூரில் இயற்றப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்தது 1937இல். நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்ட இந்தப் பெருமையை நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

1930களின் பிற்பகுதி போராட்டக் காலம். பொறுப்பாட்சி கேட்டு மக்கள் எழுந்தார்கள். 1938 ஏப்ரலில் சிவபுரத்தில் கொடி ஏற்றினார்கள். அதே மாதம் 25ஆம் தேதி விதுராஸ்வத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. இன்று அவைகளில் நடக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் பின்னால் அந்த ஊரில் சிந்திய இரத்தம் இருக்கிறது. போராட்டத்தின் அழுத்தத்தில் கே. ஆர். சீனிவாச ஐயங்கார் தலைமையில் சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1940ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலை 68 உறுப்பினர்கள் கொண்டதாகவும், பிரதிநிதித்துவ சபையை 310 உறுப்பினர்கள் கொண்டதாகவும் விரிவாக்கியது. மக்கள் கேட்டது இதைவிடப் பெரியது. அது கிடைக்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

1947 நம் பகுதித் தமிழருக்கு இரட்டைத் திருப்பம். பெங்களூர் கண்டோன்மென்ட், 1881 முதல் ஆங்கிலேய ரெசிடென்டின் ஆளுகையில் தனித்து இருந்தது. அல்சூரிலும் அதை அடுத்த தெருக்களிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள், மைசூர் சபைகளில் பேராளர் யாருமின்றி இரண்டு தலைமுறைகள் கழித்தன. 1947 ஜூலை 26 அன்று அந்தப் பகுதி மைசூருக்குத் திரும்பியது. அன்று திவானாக இருந்தவர் சர் ஆற்காடு ராமசாமி முதலியார், முந்தைய ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ கிளர்ச்சி மூண்டது. அக்டோபர் 25 அன்று கே. சி. ரெட்டி தலைமையில் மக்களாட்சி அமைந்தது. 1949 டிசம்பரில் பழைய இரு சபைகளும் கலைக்கப்பட்டன. அரசியலமைப்பு வகுக்க அமைந்த மன்றமே இடைக்காலப் பேரவையாக இயங்கியது.

மேலவை இத்துடன் முடிந்துபோயிருக்கலாம். ஆனால் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சமஸ்தானங்களிலிருந்து உருவான ‘பி’ பிரிவு மாநிலங்களில் ஒன்றே ஒன்றுக்கு மேலவை தந்தது. அது மைசூர். ஐதராபாத்துக்கும் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சிக்கும் இல்லை. 1907 முதல் திரட்டிய அனுபவத்துக்குக் கிடைத்த மதிப்பு அது என்றே கொள்கிறேன். 1952இல் 40 உறுப்பினர்களுடன் அவை மீண்டும் கூடியது. விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞருமான கே. டி. பாஷ்யம் முதல் தலைவரானார்.

அப்போது சட்டமன்றம் இயங்கியது கப்பன் பூங்காவின் ஓரத்திலுள்ள செந்நிற அட்டாரா கச்சேரியில். இன்று அது உயர் நீதிமன்றம். 1868இல் அந்த மாளிகையை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அல்சூர் வட்டாரத்தில் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளோடு நிற்கும் கல்வி நிலையங்கள் அவருடைய அறக்கொடையே. அவற்றில் படித்தவர்கள் தொம்மலூரில் தெருவுக்குத் தெரு உண்டு. எதிர்ப்புறத்தில் எழுந்த விதான சௌதாவுக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1951 ஜூலை 13 அன்று. கனவு முதல்வர் கெங்கல் அனுமந்தய்யாவுடையது. அதை வரைந்து எழுப்பிய தலைமைப் பொறியாளர் பி. ஆர். மாணிக்கம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் சிறைக் கைதிகளும் கல் சுமந்தார்கள். சிற்பிகள் அதைத் தூணாகவும் போதிகையாகவும் செதுக்கினார்கள். 1956இல் கட்டடம் முடிந்தது. அரசுப்பணி இறைப்பணி என்ற பொருளில் முகப்பில் பொறித்த வாசகத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத பெங்களூர்க் குடும்பம் இருக்காது. கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள்தாம் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்களையும் இந்த மலர் வணங்குகிறது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் விரிந்தது. பம்பாய் மாகாணத்துத் தார்வாடும் பெல்காமும், ஐதராபாத்தின் குல்பர்காவும், சென்னையிலிருந்து பிரிந்த தென்கன்னடமும், குடகும் ஒன்றாயின. அவை 52 ஆகி, 1957ஆம் ஆண்டுச் சட்டமன்ற மேலவைகள் சட்டத்தால் 63 ஆனது. ஐந்து விதமான நிர்வாகப் பழக்கங்களோடு வந்த உறுப்பினர்கள் ஓர் அவையில் அமர்ந்து ஒரே மாநிலத்துக்கான சட்டங்களை ஒழுங்குபடுத்தியது எளிய வேலையாக இருந்திருக்காது. விடுதலைப் போரில் மைலார மகாதேவப்பாவின் தோழராக இருந்த குத்லெப்பா ஹள்ளிகேரி 1960களில் அவைத்தலைவராக அமர்ந்தார். வடபகுதிக்குக் கிடைத்த பெருமை அது. 1973இல் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. உழுதவனுக்கே நிலம் என்ற நோக்குடன் தேவராஜ் அர்ஸ் அரசு கொண்டுவந்த 1974ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம், இரு அவைகளும் சேர்ந்து நாட்டுக்குத் தந்த கொடை.

1980களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மேலவைகளுக்கு அது சோதனைக் காலம். மேற்கு வங்கமும் பஞ்சாபும் முன்பே தம் மேலவைகளைக் கலைத்துவிட்டன. கடல் கடந்து பார்த்தால், எஸ். நடேசன் போன்ற தமிழ் வழக்கறிஞர்கள் குடியுரிமைக்காகவும் மொழியுரிமைக்காகவும் வாதாடிய இலங்கை செனட் சபை 1971 அக்டோபரில் மறைந்தது. 1985இல் ஆந்திரம் கலைத்தது. 1986 மே மாதம் தமிழ்நாட்டுப் பேரவை தீர்மானம் போட, நவம்பர் 1 முதல் அங்கும் மேலவை இல்லாமல் போயிற்று. 1952இல் ராஜாஜியும், 1967இல் அண்ணாவும் முதல்வர்களாக அமர்ந்த அவை. தமிழரசுக் கழகம் கண்ட ம.பொ.சி. அதன் கடைசித் தலைவர். நம்மில் பலருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். அந்தச் செய்தி வந்தபோது ஓர் உறவை இழந்த வருத்தம் நம் பெரியவர்களுக்கு இருந்தது. பின்னர் மீட்டெடுக்கும் முயற்சிகள் நடந்தன. 2010இல் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. ஆயினும் அவை கூடவில்லை. ஆந்திரம் 2007இல் மீட்டுக்கொண்டது.

தெற்கே அவைகள் மறைந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் கர்நாடகம் எதிர்த்திசையில் நடந்தது. 1987இல் மேலவையின் பலம் 75 ஆக உயர்ந்தது. அப்துல் நசீர் சாப் ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்து வடித்த ஜில்லா பரிஷத் சட்டத்தின்படி தேர்தல் நடந்ததும் அதே 1987இல். பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் ஒதுக்கிய சட்டம் அது. மேலவையில் மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே ஊராட்சிக்கு உயிர் வந்தபோது மேலவைக்கும் புதிய வலிமை வந்தது. சிற்றூர் உறுப்பினரான ஒரு கூலிக்காரப் பெண்ணும் மாநில அவைக்கு ஆள் அனுப்பும் வாக்காளர் ஆனாள். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் கற்பனையிலும் எண்ணியிராத சீர்திருத்தம் இது.

நியமன இடங்கள் வழியாக வந்தவர்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். மாகடி வட்டத்துச் சேரியில் பிறந்து, தலித் இயக்கத்தின் குரலாக எழுந்த கவிஞர் சித்தலிங்கய்யா 1988 முதல் இரு முறை உறுப்பினராக இருந்தார். ஞானபீட விருதாளர் சந்திரசேகர கம்பாரர் இந்த அவையில் அமர்ந்தவர். 2020இல் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டிலிருந்து சாந்தாராம் சித்தி வந்தார். ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகத்திலிருந்து சட்டமன்றத்துக்குள் அடியெடுத்து வைத்த முதல் மனிதர். தேர்தல் களத்தில் பணமும் ஆள்பலமும் இல்லாத ஒரு சிறு சமூகத்துக்கு வேறு எந்த வாசல் திறந்திருக்கும்? ஆசிரியர் தொகுதியின் பெருமைக்கு பசவராஜ் ஹொரட்டி ஒருவரே போதும். உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் 1980இல் மேற்கு ஆசிரியர் தொகுதியில் வென்றார். 2022இல் எட்டாம் முறையாக வென்றார். அவைத்தலைவராகவும் உயர்ந்தார்.

2012 அக்டோபர் 11 அன்று பெலகாவியில் சுவர்ண விதான சௌதாவைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். அதன்பின் குளிர்காலத்தில் மேலவை அங்கும் கூடுகிறது. வட கர்நாடக மக்களின் நெடுநாள் வேண்டுகோள் நிறைவேறியது. இன்று இந்தியாவில் மேலவை உள்ள மாநிலங்கள் ஆறே. அவற்றுள் கர்நாடகமும் ஒன்று.

அவையின் இன்றைய அமைப்பை இளையோருக்காகப் பதிவு செய்கிறேன். 25 பேரைப் பேரவை உறுப்பினர்களும், 25 பேரை உள்ளாட்சி உறுப்பினர்களும், 7 பேரைப் பட்டதாரிகளும், 7 பேரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். 11 பேரை ஆளுநர் நியமிக்கிறார். அவை கலைக்கப்படுவதில்லை. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். பேரவை அனுப்பும் சாதாரண மசோதாவை முதலில் மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றினால் இன்னொரு மாதமும் வைத்திருந்து ஆராயலாம். நிதி மசோதாவுக்கு 14 நாள். இறுதிச் சொல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த பேரவையுடையது. அந்த நான்கு மாதத்தில் ஒரு சட்டத்தின் பிழை கண்ணில் படும், பாதிக்கப்படுவோர் மனுவோடு வர முடியும், நாளேடுகள் எழுத முடியும். மேலவையின் தொண்டு அந்த அவகாசத்தில்தான் இருக்கிறது.

தொம்மலூர்வாசிகளுக்கு இந்த அவையோடு நேரடி உறவு பெங்களூர்ப் பட்டதாரிகள், ஆசிரியர்கள் தொகுதிகள் வழியாக. வாக்குச்சாவடியில் பொத்தான் கிடையாது, சின்னமும் கிடையாது. வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட தாளையும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவையும் தருவார்கள். சொந்தப் பேனாவால் எழுதினால் வாக்கு செல்லாது. முதல் விருப்பத்துக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண்களை எழுத வேண்டும். அந்த எண்ணை அங்கீகரிக்கப்பட்ட இந்திய மொழிகளின் எண்வடிவிலும் எழுதலாம் என்பது விதி. நம் தாத்தாக்கள் கணக்கு நோட்டில் போட்ட ‘௧’ இங்கே இன்றும் செல்லுபடியாகும். 1 இல்லாத தாள் செல்லாது. எழுத்தால் ‘ஒன்று’ என்று எழுதினாலும் செல்லாது.

பொதுத்தேர்தல் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று நம்மவர் பலர் எண்ணிவிடுகிறார்கள். பட்டதாரித் தொகுதிக்கு வாக்காளர் பட்டியல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாராகிறது. போன தேர்தலில் வாக்களித்தவரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தகுதி நாள் நவம்பர் 1. அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றிருக்க வேண்டும், தொகுதியில் வசிக்க வேண்டும். பட்டதாரிகளுக்குப் படிவம் 18, ஆசிரியர்களுக்குப் படிவம் 19. பட்டச் சான்றின் நகலையும் முகவரிச் சான்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த அறிவிப்பு வந்தவுடன் வீட்டிலுள்ள பட்டதாரிகள் எல்லோரும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.